கை எட்டுகிற தூரத்தில் நின்றவள்

அண்ணே, அந்த முன்சீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுறீங்களா? பாப்பா தலையில் காற்று அடிக்கிறது. உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும். நானே இழுக்கலாம்தான். ஆனால் நான் எழுந்து கையை நீட்டுகிற நேரம் பார்த்து டிரைவர் பிரேக்கில் காலை வைத்தார் என்றால், என் கை அவள் தலையில் போய்ப் பட்டுவிடும்.

போதும்ணே. அவ்வளவு போதும்.

ஆமாம், என் மகள்தான். சாதனா. ஒன்பதாவது படிக்கிறாள். மகள் பக்கத்தில் உட்காராமல் இவன் ஏன் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்க நினைப்பது தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ் கிளம்பின கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவாள். தூங்கினால் தலையை என் தோளில் சாய்த்துவிடுவாள். அதனால்தான் அந்தக் கூடைக்கார அம்மாவை அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நான் இங்கே வந்தேன். காதில் பாட்டு மாட்டியிருக்கிறாள் பாருங்க. நாம் பேசுவது அவளுக்குக் கேட்காது. இருந்தாலும் மெதுவாகவே பேசுவோம்.

இந்த நீள மதில் முடிகிறவரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன், தப்பாக நினைக்காதீங்க. ஐகோர்ட்டு. உள்ளே என் வழக்கு ஒன்று நடக்கிறது. என் வழக்கு என்றால், நான் போட்ட வழக்கு. நான்தான் மனுதாரர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் சில பேர் நான் என்னமோ கம்பி எண்ணப் போகிறவன் மாதிரி பேசுகிறார்கள்.

முடிந்துவிட்டதா மதில்? அப்பாடா.

என் பேர் வெள்ளைக்கண்ணு. திருப்பத்தூர்ப் பக்கம் செங்கணாபட்டி. அந்த ஊராட்சிக்குத் துணைத் தலைவர். இப்போது ஊரில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘வைசு’தான். வைஸ் பிரசிடெண்ட் என்பதில் பாதி. ‘வைசு வர்றாரு, எந்திரிடா’, ‘வைசுக்கு ஒரு டீ, சீனி கம்மியா’. என் கொழுந்தியாளே ‘வைசு மச்சான்’ என்கிறாள். சிரிக்காதீங்கண்ணே. துணைத் தலைவர் என்றால் சும்மா மேடையில் ஓரமாக உட்காருகிற ஆள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் துணைத் தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் பேங்கில் காரியம் நடக்கும். என் பேனா மூடியிருந்தால் ஊரில் ஒரு பல்பு மாற்ற முடியாது.

அதற்காக எனக்குப் பதவி ஆசை என்று நினைத்துவிடாதீங்க. ஆசைப்பட்டிருந்தால் தலைவருக்கே நின்றிருப்பேனே.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்க பெரியவங்க, யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்க.

துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் ஊரில் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். எனக்குப் பாதி, அடைக்கலத்துக்குப் பாதி. அடைக்கலம் எனக்கு மச்சான் முறை. அவன் மகள் பிரதீபாவும் எங்கள் பாப்பாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே டப்பாச் சோறு. அப்படிப்பட்ட வீடு. அவனும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், ‘ஆளுக்குப் பாதிக் காலம்டா, கோயிலுக்கு வாங்க’ என்று இரண்டு பேரையும் முத்துக்கருப்பர் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

முதல் பாதி யாருக்கு? பூக் கட்டிப் போட்டார்கள். வெள்ளைப் பூ என் பேருக்கு, செவப்புப் பூ அவன் பேருக்கு. இலையில் மடித்து, நூல் சுற்றிக் கருப்பர் காலடியில் போட்டு, பூசாரி பேத்தியை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. கருப்பரே எனக்குத்தான் கொடுத்தார். இதை ஒருத்தனும் இன்றைக்குப் பேசமாட்டேன் என்கிறான். அன்றைக்கு அடைக்கலம்தான் முதல் ஆளாக வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். ‘மச்சான், மொதப் பாதி நீ. நல்லா நடத்து’ என்றான்.

யாரோ ஒருத்தர், எல்லாவற்றையும் ஒரு பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாமே என்றார். அடைக்கலம்தான் வேண்டாம் என்றான். ‘கருப்பரு அருவாளோட சாட்சிக்கு நிக்கிறாரு. அவரு முன்னாடி ஸ்டாம்பு பேப்பரை நீட்டுறதா? அசிங்கம்ணே’ என்றான். எழுத வேண்டாம் என்றவன் அவன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, அது அவன் செய்த தப்பு.

பிறகு சூடம் ஏற்றினார்கள். அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கலாம். கூட்டத்தில் ஒரு கிழவர், ‘சூடம் அணைக்கிறதெல்லாம் இப்பக் கோழி திருடுறவனே பண்றான். புள்ளை தலையில கை வச்சுச் சொல்லுங்கப்பா’ என்றார்.

அடைக்கலத்துக்கு ஒரே பெண். அவன் பிரதீபா தலையில் கை வைத்தான். எனக்கு இரண்டு. பெரியவள் சாதனா, சின்னவன் நித்திஷ். அந்தக் கிழவர் பேசி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரி மீனாள் பையனை இழுத்து முந்தானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பாப்பா தேங்காய், பழத் தட்டை ஏந்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கை எட்டுகிற தூரத்தில் அவள்தான் நின்றாள். வேறு காரணம் எதுவும் இல்லை. பிள்ளைகளில் எனக்குப் பேதமே கிடையாது. இரண்டு பேரையும் ஒரே கான்வென்டில்தான் போட்டேன். நடுவில் பாப்பாவை மட்டும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். அது வேறு விஷயம். பையனுக்கு இங்கிலீஷ் வேண்டுமல்லவா?

‘முத்துக்கருப்பா, பாதிக் காலம் முடிஞ்ச அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு எறங்கிருவேன். மாறினா…’ என்றேன். மாறினால் என்ன என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. அங்கேயே நிறுத்திவிடுவோம். தலையில் கை இருக்கிறதே, மிச்சத்தை அது சொல்லிவிடும். பாப்பா தட்டைப் பிடித்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளை, அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஒத்தக்கடை தாண்டிவிட்டோமா? சரி.

பாதிக் காலம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அப்போதுதான் மேல்நிலைத் தொட்டி வேலை நடக்கிறது. நான் அலைந்து திரிந்து கொண்டுவந்த தொட்டி. தொட்டித் தூணில் கல் பதிப்பார்களே, தலைவர் பேர், அதற்குக் கீழே துணைத் தலைவர் பேர். யார் அலைந்தது, யார் பேர் ஏறுவது? ‘தொட்டி முடியட்டும்டா’ என்றேன். அடைக்கலம், ‘சரி மச்சான், முடியட்டும்’ என்றான். தொட்டி முடிந்து கல்லும் பதித்தாகிவிட்டது. மாசி வந்தது, மஞ்சுவிரட்டு. மேடையில் துண்டு போடுகிற வரிசையில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. ‘மஞ்சுவிரட்டு முடியட்டும்டா’ என்றேன். அதற்கும் சரி என்றான். அப்புறம் அவன் என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டான்.

கேட்டிருக்க வேண்டுமல்லவா? மனிதன் என்றால் இன்னொரு தடவை வாய்விட்டுக் கேட்க வேண்டாமா? கேட்காமல், உறுப்பினர்களை ஒரு வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் லாட்ஜில் வைத்துக்கொண்டான். நம்பிக்கையில்லாத் தீர்மானம். என் ஆளே ஒருத்தன், எனக்குச் சொந்தக்காரன், அருவிக்கு அடியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற போட்டோவை வாட்ஸ்அப்பில் வைத்திருந்தான். என்னைக் கவிழ்க்கப் போகிற சந்தோஷத்தில் எண்ணெய் தேய்த்துக் குளியல்! தாசில்தார் கூட்டத்துக்கு நாள் குறித்து நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் வக்கீல் ஜோதிராமன் சாரைப் பிடித்தேன். நோட்டீஸைப் பார்த்ததுமே சொன்னார், ‘குடுக்க வேண்டிய நாள் கணக்குல கம்மியாக் குடுத்திருக்காங்க. இது போதும்யா.’ இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். ஊரில் வெடி போட்டோம். குற்றாலம் போனவர்கள் எல்லாம் மூக்கடைப்போடு திரும்பி வந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பஸ்ஸில் உங்களிடம் இப்படிப் பேசிக்கொண்டு வரமாட்டேன். தடையை நீக்கச் சொல்லி அடைக்கலம் ஒரு மனு போட்டான். அதில் கோயில் விஷயத்தை எழுதிவிட்டான். பூக் கட்டினது, பிள்ளை தலையில் கை வைத்தது, எல்லாம். இப்போது நான் பதில் சொல்ல வேண்டும். ஜோதிராமன் சார் இங்கிலீஷில் எழுதித் தமிழில் படித்துக் காட்டினார். ‘அப்படி ஓர் உடன்பாடும் நடக்கவில்லை. அன்றைய தினம் நான் அந்தக் கோயிலுக்குச் செல்லவில்லை. எவ்விதச் சத்தியமும் செய்யவில்லை.’

‘சார், ஊரே பாத்துச்சு சார்’ என்றேன்.

‘எழுத்து இருக்கா?’

‘இல்ல சார்.’

‘அப்புறம் என்னய்யா? கருப்பரு வந்து கூண்டுல ஏறுவாரா?’

ஜூனியர் பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்தபிறகு ஒரு ஜூனியர் விளக்கினார், இதில் சொல்லியிருப்பதெல்லாம் உண்மை என்று நான் சத்தியம் செய்து கொடுத்த மாதிரிதான் சட்டத்தில் கணக்கு என்று. யோசித்துப் பாருங்கண்ணே. சத்தியம் செய்யவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

அந்தப் பதில் கோர்ட்டுக்குப் போன மறுநாள் சாயங்காலம் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். ‘அப்பா, கோயிலுக்கே போகலன்னு கோர்ட்டுல சொல்லியிருக்கீங்களாமே? பிரதீபா சொன்னா.’

‘அதெல்லாம் வக்கீல் எழுதுறதும்மா. உனக்குப் புரியாது.’

‘அப்ப என் தலையில கை வைக்கவே இல்லையா?’

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். வேறென்ன செய்ய? அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். தலை வலிக்கிறது என்றாள். அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. விடிந்து எழுந்ததும் முதல் வேலையாக அவள் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். அவள் தும்மினால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவள் சைக்கிளை விற்றுவிட்டேன். வாசல் தென்னையில் ஒரு காய்கூட விடாமல் இறக்கிவிட்டேன். ‘லாரி வர்ற ரோட்டுல போகாத, கெணத்துப் பக்கம் போகாத, மாடிப்படியில மெதுவா எறங்கு.’ சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. ராத்திரி வேளையில் எலுமிச்சம்பழம் அறுக்கக்கூட வீட்டில் விடுவதில்லை, கருப்பருக்குக் காவு கொடுக்கிற மாதிரி இருக்கிறது. அவள் முன்னால் எதையும் அறுக்கிற சத்தம் எனக்கு ஆகவில்லை.

தலையை மட்டும் தொடுவதே இல்லை. கை வைத்துத்தானே சத்தியம் செய்தேன்? மறுபடி வைத்தால் கருப்பருக்கு ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனாள் கடைக்குப் போயிருந்தாள். பாப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள், முன்னெல்லாம் உட்காருவாளே, அதே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு. ‘நீயே வச்சுக்கம்மா’ என்றேன். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் நன்மைக்குத்தான். அவளுக்குத் தெரியுமா?

இதைக் கேளுங்க. வாய்தா நாள் வந்தால் வலி வருகிறது. வாய்தா தள்ளிப்போனால் வலி இல்லை. ஒரு நாள் மீனாளைச் சமாதானப்படுத்த, ‘எழுதிக் குடுத்துரலாம்னு பாக்குறேன்’ என்று சும்மா சொன்னேன். அன்றைக்குப் பாப்பா கேட்டுக் கேட்டுத் தோசை சாப்பிட்டாள். மறுநாள் நான் ஜோதிராமன் சாரிடம் போனில், ‘சும்மா வீட்டுல அப்படிச் சொல்லி வச்சிருக்கேன் சார், நீங்க பாட்டுக்கு நடத்துங்க’ என்று பேசிக்கொண்டிருக்கிறேன், உள்ளே அவள் வாந்தி எடுக்கிற சத்தம். இது கருப்பர் வேலை இல்லாமல் வேறு யார் வேலை? நீங்களே சொல்லுங்க.

அடைக்கலம் இருக்கிறானே, அவன் திட்டினால்கூடப் பரவாயில்லை. டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்று, ‘புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு மச்சான்?’ என்கிறான். அவ்வளவு மெதுவாக. எதிரி சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடலாம். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திருநீறு வாங்கலாம் என்று கோயிலுக்குப் போனால், பூசாரி சொல்கிறார், அடைக்கலம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து விளக்குப் போடுகிறானாம். ‘என்ன வேண்டுறான்?’ என்றேன். ‘அந்தப் புள்ள தலையில இருந்து சத்தியத்தை எறக்கிரு சாமி, அவன் பதவியில இருந்தா இருந்துட்டுப் போறான், புள்ளை என்ன பாவம் பண்ணுச்சுன்னு அழுறாருப்பா’ என்கிறார் பூசாரி. நம்புகிற மாதிரியா இருக்கிறது? கோர்ட்டில் என்னோடு மல்லுக்கட்டுகிறவன், கோயிலில் என் பிள்ளைக்காக அழுகிறானாம். பூசாரியையும் கையில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். நான் திருநீறு வாங்காமலே திரும்பிவிட்டேன். அவன் விளக்குப் போட்ட இடத்துத் திருநீறு நமக்கெதற்கு?

மேலூர் வரப்போகிறது. நீங்க இறங்கணுமா? இல்லையா? நல்லது.

போன வாரம் பாப்பா வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள். அதற்கு மேல் தாங்கவில்லை. மீனாள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்க இன்றைக்கு வரச் சொன்னார்கள். இன்றைக்கேதான் வாய்தாவும். ஜோதிராமன் சார், ‘நீங்க வரணும்னு இல்ல, நான் பாத்துக்கிறேன்’ என்றார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். பாப்பா கேட்டாள். ‘அப்பா, அன்னைக்குத் தம்பி தலையில கை வச்சிருந்தா, இப்ப என்ன பண்ணியிருப்பீங்க?’

‘பேசாம இரும்மா, பேசினா தலை வலிக்கும்’ என்றேன்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அந்த மெஷின் இருக்கிறதே, பெரிய உறை கிணறு மாதிரி, அதற்குள் தலையை விட்டுப் படுக்க வேண்டும். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள். ‘பயமா இருக்குப்பா. எழுதிக் குடுத்துருவீங்கல்ல?’ என்றாள். ‘குடுத்துர்றேன்மா. தலையில ஒண்ணும் இல்லாம நீ வெளிய வா, நாளைக்கே எழுதிக் குடுத்துர்றேன்’ என்றேன். கருப்பரிடமும் அதையேதான் சொன்னேன், மனதுக்குள்.

தலையில் ஒன்றும் இல்லை அண்ணே. சுத்தமாக இருக்கிறதாம். எல்லாம் நார்மல். நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாக்டர் அவளிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ‘வீட்டுல அவ பயப்படுற மாதிரி ஏதாச்சும் நடக்குதா?’ என்று கேட்கிறார். ‘பயப்படுறது நான் சார். அவ எதுக்கு சார் பயப்படணும்?’ என்றேன். டாக்டர் சீட்டில் என்னமோ எழுதிக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

பஸ் ஸ்டாண்டில் பாப்பா சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காய் வாங்கிக் கேட்டாள். என் போனை வாங்கிப் பிரதீபா வீட்டுக்குப் போட்டு, ‘அப்பா நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறாங்கடி’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ‘நாளையில இருந்து மறுபடி ஒரே பெஞ்சு’ என்றாள். வழக்கு வந்ததிலிருந்து தனித்தனிப் பெஞ்சாம். பேசி முடித்துப் போனை என் கையில் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஜோதிராமன் சார் கூப்பிடுகிறார்.

‘வைசு, கேஸு நம்ம பக்கம் நல்லா இருக்குய்யா. ஆனா நீதிபதி, ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்கிறீங்களான்னு கேட்டுட்டாரு. அந்தப் பக்கம் அடைக்கலம், வழக்கே வேண்டாம், முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டானாம். நீங்க வாபஸ் வாங்குறீங்களா, நடத்துறீங்களா? திருப்பத்தூர் போறதுக்குள்ள சொல்லுங்க, நான் மறுபடி கூப்பிடுறேன்’ என்றார்.

மறுபடி கூப்பிடுவார். அதற்குத்தான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது நீங்க ஒன்று யோசித்துப் பாருங்க. தலையில் ஒன்றும் இல்லை என்று மெஷினே சொல்லிவிட்டது. அப்படியென்றால் கருப்பர் ஒன்றும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? கருப்பரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நான் எதற்கு இறங்க வேண்டும்? அடைக்கலம் ஏன் முடித்துக்கொள்ளலாம் என்கிறான்? தோற்றுவிடுவோம் என்று பயந்துவிட்டான். தோற்கப்போகிறவனுக்கு நான் எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்? இருக்கிற காலமும் கொஞ்சம்தான். அதை முடித்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஸ்கேன் வாசலில் சொன்னது, பிள்ளை தைரியமாக இருக்கட்டும் என்பதற்காகச் சொன்னது. அதில் நான் கை எதுவும் வைக்கவில்லை. தலையைத் தொடவே இல்லை. கம்மலைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பயம் போகவில்லை அண்ணே. அதுதான் எனக்கு விளங்கவில்லை. நியாயம் எல்லாம் என் பக்கம் இருக்கிறது, பயமும் என் பக்கமே இருக்கிறது.

உங்களிடம் சொல்வதற்கென்ன? இறங்கினால் மறுநாள் காலையில் டீக்கடையில் என்னை என்னவென்று கூப்பிடுவார்கள்? ‘வெள்ளைக்கண்ணு, தள்ளி உக்காருப்பா’ என்பார்கள். இத்தனை நாள் எழுந்து நின்றவன் என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவான். அதை நினைத்தால் அடிவயிற்றில் என்னமோ செய்கிறது. பாப்பா போர்வை அசையாத அன்றைக்குச் செய்கிற மாதிரியே செய்கிறது. இரண்டும் ஒரே பயமாகத்தான் இருக்கிறது. எது எதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை.

என்னம்மா?

என்ன, பாட்டு நிறுத்திட்டியா? ஏன் திரும்பிப் பார்க்கிறே?

தலை வலிக்குதா?

இப்பத்தானம்மா டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொன்னாரு? எப்ப இருந்து வலிக்குது? மேலூருக்கு முன்னாடியே இருந்தா? சொல்லக்கூடாதா? கண்ணை மூடிச் சாஞ்சுக்க. தண்ணி குடிக்கிறியா? அம்மா, கூடைக்கார அம்மா, அவ தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.

அண்ணே, அவள் முகத்தைப் பார்த்தீங்களா? வெளுத்துப் போயிருக்கிறது.

அண்ணே, அந்த ஒயர் எதில் மாட்டியிருக்கிறது? காதிலிருந்து வருகிறதே, அந்த ஒயர். நுனி அவள் மடியில் சும்மா கிடக்கிறது. போன் என் கையில்தானே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டிலிருந்தே என் கையில்தானே இருக்கிறது?

அப்படியென்றால் எல்லாம் கேட்டுக்கொண்டா வந்தாள்?

நான் மெதுவாகத்தானே பேசினேன்? தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே? நீங்கதான் கேட்டுக்கொண்டு வந்தீங்களே.

அண்ணே, ஓர் உதவி. நீங்க பெரியவங்க, அவளுக்குத் தாத்தா வயசு. கொஞ்சம் எட்டி அந்தப் பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க. சூடு இருக்கிறதா என்று மட்டும். நான் தொடக்கூடாது. சாதனா, தாத்தா தொட்டுப் பாக்குறாரு, ஆடாம இரும்மா.

இல்லையா? சூடு இல்லையா? நன்றாக உள்ளங்கையை வைத்துப் பாருங்க. உச்சந்தலையில் வையுங்க. ஆமாம், அங்கேதான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்க. உங்க கை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள் பாருங்க. எவ்வளவு நாளாயிற்று, ஒரு கை… அழாதம்மா. எதுக்கும்மா அழுறே? தாத்தா கை வச்சிருக்காரு பாரு, ஒண்ணும் ஆகாது.

இருங்கண்ணே, கையை எடுத்துடாதீங்க, போன் அடிக்கிறது. ஜோதிராமன் சார்தான். ஒரே நிமிசம். கையை மட்டும் எடுத்துடாதீங்க.

அல்லோ, சார். சொல்லுங்க சார். ஆமா சார், பஸ்ல இருக்கேன், மேலூர் தாண்டிட்டோம். பாப்பாவா? நல்லா இருக்கு சார், எல்லாம் நார்மல், பக்கத்துலதான் இருக்கு. அதைத்தான் சார் யோசிச்சுக்கிட்டே வர்றேன். ஆமா சார். ஆமா. இல்ல சார், வாபஸ் எல்லாம் வேண்டாம். நீங்க நடத்துங்க சார்.

அண்ணே… ஏண்ணே கையை எடுத்துட்டீங்க?